டர்போ எஞ்சினில் எண்ணெய்க் கசிவு: சாயமா, புகையா, அழுத்தமானியா?

பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் நம் கார் வழக்கமாக நிற்கும் கட்டத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருப்பதைக் கண்டதும், எங்கிருந்து ஒழுகுகிறது என்ற கேள்வியும் சரிசெய்ய எத்தனை வெள்ளி ஆகும் என்ற கேள்வியும் ஒன்றாகவே எழுகின்றன. பட்டறையில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை கிடைக்கிறது. என் காரைத் தூக்கிப் பார்த்த ஒரு பட்டறையில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைச் சுற்றி எண்ணெய் படிந்திருப்பதைக் காட்டி, டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். வேறோர் இடத்தில் சாயம் கலந்து பார்த்தபோது, எண்ணெய் டர்போவிலிருந்து வரவில்லை என்பதும், அதற்கு மேலே இருந்த, எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரின் பின்மூலையிலிருந்து வழிந்து டர்போவின் மீது இறங்கியிருந்தது என்பதும் தெரிந்தன. அந்த மூலையில், மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் தளர்ந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். கசிவைக் கண்டுபிடிக்கும் வழிகளில் எதை முதலில் நாட வேண்டும், எதற்கு எப்போது பணம் கொடுக்கலாம் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கப்பூரில் இந்த முடிவுக்குத் தனியாக ஒரு கனம் உண்டு. பத்தாண்டுக்குக் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயின் ‘ஏ’ பிரிவு 1,600 சிசி கொள்ளளவுக்கும், 2014 முதல் 97 கிலோவாட் திறனுக்கும் வரம்பு வைத்திருப்பதால், அதற்குள் அடங்கும் சிறிய டர்போ எஞ்சின்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. அவற்றில் பல இப்போது 8, 9, 10 வயதை எட்டியுள்ளன. ரப்பர் சீல்களும் பிளாஸ்டிக் மூடிகளும் வெப்பத்தில் இறுகி உயிரிழப்பது பெரும்பாலும் இந்த வயதில்தான். சிஓஇயைப் புதுப்பிப்பதா, காரை விட்டுவிடுவதா என்ற யோசனையும் அதே சமயத்தில் வந்து நிற்கிறது. ஆதலால், தவறாகக் கண்டறியப்பட்ட ஒரு கசிவு ஒரு பட்டறைச் செலவோடு முடிவதில்லை. நல்ல காரை விட்டுவிடவோ, கெட்ட காருக்குப் பத்தாண்டுப் பணம் கட்டவோ அது காரணமாகிவிடலாம்.

எந்தச் சோதனைக்கும் முன்னர், ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் ஏறத்தாழ எல்லாக் கார்களும் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும். அது நிறமற்றது, விரலில் வழுக்காது. சிவப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெயாக இருக்கலாம். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று இனிப்பு வாடையோடு இருந்தால் குளிர்விப்பு நீர். பழுப்பு முதல் கறுப்பு வரையில் வழவழப்பாக இருப்பதே எஞ்சின் எண்ணெய். இரவில் ஒரு வெள்ளை அட்டையை அடியில் வைத்து, முன்சக்கரங்கள் நின்ற இடத்தை அதில் குறித்துக்கொண்டால், காலையில் நிறத்தோடு இடமும் அளவும் தெரிந்துவிடும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு துளி சுமார் 0.05 மில்லிலிட்டர். இரவுக்கு 20 துளி விழுந்தால் 1 மில்லிலிட்டர். ஆண்டு முழுவதும் விழுந்தாலும் அரை லிட்டரை எட்டாது. தரையில் தெரியும் கறை பெரும்பாலும் புவியீர்ப்பால் மெதுவாக வழிந்த எண்ணெய்தான். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் பல பார் அழுத்தத்தில் பாயும் குழாய் ஒன்று தளர்ந்திருந்தால், நிறுத்தியபின் தரையில் ஒரு சொட்டும் இல்லாமலே வழியெங்கும் எண்ணெய் போயிருக்கும். அதனால் தரையைவிட எண்ணெய் அளவுகோலையே நம்ப வேண்டும். 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் குறைகிறது என்று இரண்டு மூன்று வாரங்கள் குறித்து வைத்திருப்பவருக்குப் பட்டறையில் பேச ஒரு பிடி இருக்கும்.

இனி டர்போவின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் சோதனையைத் தேர்ந்தெடுப்பது இதைப் பொறுத்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. பெரும்பாலான கார்களில் அது அழுத்தத்தோடு வரும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. அந்த எண்ணெய் மேலே ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே வந்து, கீழே ஓர் அகலமான குழாய் வழியாகத் தன் எடையாலேயே எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் பானுக்குத் திரும்புகிறது. தண்டின் இரு முனைகளிலும் இருப்பவை பிஸ்டன் ரிங்கைப் போன்ற வளையங்கள். தண்ணீர்க் குழாயின் வாஷரைப் போல அழுந்தி அடைப்பவை அல்ல. எண்ணெய் தடையின்றிக் கீழே இறங்கும்வரை அவை தம் வேலையைச் செய்யும். திரும்பும் குழாய் கரி பிடித்து அடைபட்டாலோ, எஞ்சினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க்கேஸில், அழுத்தம் கூடினாலோ, இறங்க வழியில்லாத எண்ணெய் அந்த வளையங்களைத் தாண்டிக் காற்றுப் பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ போய்விடும். அப்போது நீலப் புகை வரும். டர்போ கெட்டுவிட்டது என்ற தீர்ப்பும் கூடவே வரும். புதிய டர்போவைப் பொருத்தினாலும், பழைய காரணம் நீங்காதவரை அதே புகை திரும்பவும் வரும்.

ஆகவே டர்போ எஞ்சினில் இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது: எண்ணெய் வெளியேறும் இடம், அதை வெளியே தள்ளும் காரணம். இடத்தை மட்டும் காட்டும் சோதனை பாதி வேலையையே முடிக்கிறது.

எல்லாவற்றிலும் எளிய வழி, கழுவித் துடைத்துவிட்டுக் கண்ணால் பார்ப்பது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எனவே நனைந்த இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எதுவோ, அதற்கு அருகில்தான் பெரும்பாலும் மூலம் இருக்கும். ஆயில் பான் முழுவதும் நனைந்திருக்கிறது என்பதற்காக ஆயில் பான் கேஸ்கெட்டை மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டில் தரையைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும். வேகமான கசிவுக்குக் கழுவிப் பார்ப்பதே போதும். அரை மணி நேர ஓட்டத்தில் புதிய ஈரம் தன் இடத்தைக் காட்டிவிடும். மெதுவான கசிவுக்கு இது போதாது, ஏனெனில் தெளிவான ஈரம் சேர்வதற்குள் தூசியும் பரவலும் இடத்தை மறைத்துவிடும். இதை வீட்டருகே செய்துகொள்ளவும் கூடாது. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நிறுத்துமிடத்து வடிகாலில் விடப்படும் எண்ணெய்க் கழிவு நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் போகிறது. கழிவுநீரைப் பிரித்தெடுக்கும் வசதியுள்ள பட்டறையிலேயே, எஞ்சின் ஆறிய பிறகு கழுவ வேண்டும். சூடான டர்போவின் மேல் குளிர்ந்த நீரை அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும்.

மெதுவான கசிவின் இடத்தைக் கண்டறிய நான் முதலிடம் கொடுப்பது சாயத்துக்குத்தான். எஞ்சின் எண்ணெயில் கரையக்கூடிய ஒளிரும் சாயத்தைச் சிறிதளவு கலந்து, காரை வழக்கம்போல ஓட்டிவிட்டு, பிறகு புற ஊதா விளக்கை அடித்து மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கசிந்த தடம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். சாயத்தின் விலை சில பத்து வெள்ளிக்குள் அடங்கிவிடும். ஆகும் செலவு பெரும்பாலும் நேரந்தான். 100 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வரச் சொல்வது வழக்கம். பிஐஇ விரைவுச்சாலையின் நீளம் சுமார் 43 கிலோமீட்டர் என்பதால், சாங்கியிலிருந்து துவாஸ் திசையில் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் ஏறக்குறைய வந்துவிடும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் குறுந்தொலைவு ஓட்டுபவர் இதற்கென்று ஒரு நாள் விரைவுச்சாலையில் ஓட்டிவிட்டு வருவது நல்லது, ஏனெனில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டி, டர்போ சுமை ஏற்றபிறகே சில சீல்கள் கசியத் தொடங்கும். சாயத்தின் பெரும்பலமே இதுதான்: எஞ்சின் உண்மையில் உழைக்கும் நிலையில் நடந்ததை அது பதிவுசெய்து வைக்கிறது.

அதற்குக் குறைகளும் உண்டு. ஊற்றும்போது வாயருகே சிந்திய ஒரு துளி, வால்வு கவரே ஒழுகுகிறது என்ற பொய்த்தோற்றத்தைத் தந்துவிடும். ஊற்றிய கையால் எதையும் தொடாமலிருப்பதும், சிந்தியதை உடனே துடைத்து விளக்கடித்துச் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை. சில எண்ணெய்கள் சாயம் இல்லாமலே நீலமாகச் சற்று ஒளிரும் என்பதால், அளவுகோலில் ஒட்டியிருக்கும் சாய எண்ணெயின் நிறத்தோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்து டர்போ உறை பல நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடாவதால், அங்கே விழும் எண்ணெயும் சாயமும் எரிந்து போய்விடும். அந்த இடத்தில் ஒளி தெரியவில்லை என்பது கசிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. அதற்குச் சற்று மேலே, எரியாமல் மிஞ்சியிருக்கும் தடத்தைத் தேட வேண்டும்.

புகைச் சோதனை வேறு வகையானது. எஞ்சினை அணைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாய் வழியாகவோ அளவுகோல் குழாய் வழியாகவோ கிராங்க்கேஸுக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்க்கிறார்கள். பல பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் அளவுகோலே கிடையாது என்பதால் ஊற்றும் வாய்க்கேற்ற மூடி தேவைப்படும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது இதன் பெரிய வசதி. காரை விட்டுவிட்டு மீண்டும் வர வேண்டியதில்லை. வால்வு கவர் கேஸ்கெட், விரிசல் விட்ட பிளாஸ்டிக் கவர், கிழிந்த காற்றோட்டக் குழாய் ஆகியவற்றை இது அழகாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆயினும் டர்போ எஞ்சினில் புகையை வாசிக்கத் தெரிந்தவரே வாசிக்க வேண்டும். கிராங்க்கேஸ் காற்றோட்ட வழியை முதலில் அடைக்காவிட்டால் புகை நேராகக் காற்றுக்குழாய்க்குப் போய்விடும். அதை அடைத்த பிறகும், திரும்பும் குழாய் வழியாக டர்போவுக்குள் ஏறும் புகை, மேலே சொன்ன வளையங்களின் இடைவெளியில் நுழைந்து டர்போவின் காற்று வாயில் எட்டிப்பார்க்கும். நல்ல டர்போவிலும் இது நடக்கும், ஏனெனில் அந்த வளையங்கள் நின்ற நிலையில் காற்றைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அந்தப் புகையைக் காட்டி டர்போவை மாற்றச் சொன்னால், தயங்காமல் மறுத்துவிடலாம். மேலும், ஒரு பி.எஸ்.ஐ. அளவைத் தாண்டி அழுத்தத்தைக் கூட்டினால், எஞ்சினின் முதன்மைத் தண்டு வெளிவரும் இடத்தை அடைக்கும், நன்றாக இருந்த கிராங்க் சீல் அந்தச் சோதனையாலேயே உதடு பிரியக்கூடும். நின்றிருக்கும் எஞ்சினைச் சோதிப்பதால், சூட்டிலும் சுழற்சியிலும் மட்டுமே கசியும் சீல் இதில் தப்பிவிடும். எண்ணெய் அழுத்தத்தில் பாயும் குழாய்களையும் புகை சரியாகச் சோதிப்பதில்லை. ஆகவே சாயம் காட்டிய பகுதியில் இரண்டு மூன்று பாகங்கள் நெருக்கமாக இருந்து, எது என்று பிரிக்க முடியாதபோது புகை உதவும். முதல் சோதனையாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, பலர் கேட்காமலேயே விட்டுவிடும் சோதனை: கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளப்பது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவைப் பிசிவி எனப்படும் கிராங்க்கேஸ் காற்றோட்ட அமைப்பு உறிஞ்சி எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிறது. டர்போ எஞ்சினில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கும். மெதுவாக ஓடும்போது வாயு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். டர்போ காற்றை அழுத்தத் தொடங்கியதும் அந்த வழியை ஒரு தடுப்பு வால்வு மூடிவிட, வாயு டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குப் போகும். அந்தத் தடுப்பு வால்வு பழுதானால் டர்போ அழுத்திய காற்று கிராங்க்கேஸுக்குள்ளேயே புகுந்து, கிடைக்கும் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது எல்லாம் சரியாகத் தெரியும். விரைவுச்சாலையில் ஏறும்போது மட்டுமே கசியும். என் காரில் வால்வு கவர் மூலை விட்டுக்கொடுத்ததும் இதே அமைப்பின் பழுதால்தான். கவரோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்த பிசிவியின் சவ்வு கிழிந்திருந்தது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதே மூலை திரும்பவும் நனைந்திருக்கும்.

இந்தச் சோதனைக்குக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் ஒரு மானியும், உற்பத்தியாளர் தந்திருக்கும் சரியான அளவும் போதும். ஆரோக்கியமான எஞ்சின் மெதுவாக ஓடும்போது பொதுவாகச் சிறிய உறிஞ்சலைக் காட்டும். சவ்வு கிழிந்தால் உறிஞ்சல் மிகையாகி, எண்ணெய் மூடியைத் திறக்கவே சிரமமாக இருக்கும். எஞ்சினின் பின்புறத்திலிருந்து ஊளையோ விசிலோ கேட்கும். வோக்ஸ்வேகன், ஔடி கார்களில் உள்ள ஈஏ888 எஞ்சினில், இந்த மிகை உறிஞ்சல் கியர்பாக்ஸ் பக்கத்துக் கிராங்க் சீலைக் கெடுப்பது இயந்திரநுட்பர்களிடையே நன்கு அறிந்த செய்தி. அழுத்தம் எதிர்மாறாகக் கூடியிருந்தால், எண்ணெய் அளவுகோல் தானாகவே மேலெழும். ஒரே நேரத்தில் பல சீல்கள் வியர்க்கும். பிசிவி நன்றாக இருந்தும் அழுத்தம் கூடுதலாக இருந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று சிலிண்டர் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். அப்படியொரு எஞ்சினுக்குக் கேஸ்கெட் மாற்றும் செலவே வீண்.

சோதனையே வேண்டாம், சந்தேகமான கேஸ்கெட்டுகளை எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றும் ஒரு யோசனை சொல்லப்படுவதுண்டு. சில இடங்களில் அதில் நியாயம் இருக்கிறது. டர்போ எண்ணெய்க் குழாயைக் கழற்ற நேர்ந்தால், அதன் செம்பு வாஷர்களையும் திரும்பும் குழாயின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடாமல் மூடக் கூடாது. அவை மலிவானவை, திரும்பக் கழற்றும் கூலிதான் அதிகம். கியர்பாக்ஸை வேறு வேலைக்காக இறக்கியிருந்தால், பின்புறக் கிராங்க் சீலை அப்போதே மாற்றுவது விவேகம். ஆனால் அந்த ஒரு சீலுக்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், சாயச் சான்று இல்லாமல் சம்மதிக்கக் கூடாது. வால்வு கவரின் பின்விளிம்பில் வழியும் எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கிக் கியர்பாக்ஸ் சந்திப்பில் சொட்டும்போது, பார்ப்பதற்குப் பின் சீல் கசிவைப் போலவே இருக்கும். கசிவை நிறுத்தும் சேர்மானத் திரவங்கள் இறுகிய ரப்பரைச் சற்று உப்பச் செய்பவை. கிழிந்த சீலுக்கும் விரிசல் விட்ட பிளாஸ்டிக்குக்கும் அவை எதுவும் செய்வதில்லை.

எங்கே செய்வது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காரை முகவரிடமே கொண்டுபோக வேண்டும். வெளியில் பராமரித்ததற்காகவே உத்தரவாதத்தை மறுக்கும் நிபந்தனைகளைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் 2017இல் போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பின் நீக்கினார்கள். இருந்தாலும், பழுதுக்கு வெளிப்பட்டறையின் வேலையே காரணம் என்று தெரிந்தால் கோரிக்கையை மறுக்க இன்னும் இடம் உண்டு. உத்தரவாதம் முடிந்த காருக்கு, சின் மிங், உபி, காக்கி புக்கிட் வட்டாரங்களில் உங்கள் எஞ்சின் வகையை அன்றாடம் பிரிப்பவரைத் தேடிப்பிடிப்பதே மேல். அந்த எஞ்சினின் பலவீனமான இடம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். எல்லை தாண்டி ஜோகூரில் கூலி குறைவு என்பது உண்மைதான். ஆனால் சாயச் சோதனைக்குக் குறைந்தது இரண்டு தடவை போக வேண்டும். கடற்பாலத்தில் காத்திருக்கும் நேரத்தையும், மீண்டும் கசிந்தால் திரும்பிப் போகும் அலைச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண்டறிவதை இங்கே முடித்துக்கொண்டு, என்னென்ன பாகங்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பெரிய கழற்றல் வேலையை மட்டும் அங்கே கொடுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

இனி முடிவெடுக்கலாம். எரிந்த எண்ணெய் வாடை கார் நிற்கும்போது உள்ளே வந்தாலோ, பானட் ஓரத்தில் புகை தெரிந்தாலோ, எண்ணெய் விளக்கு எரிந்தாலோ எந்த ஒப்பீடும் தேவையில்லை. எண்ணெய் சூடான டர்போவின் மேல் விழுகிறது என்றால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பட்டறைக்குக்கூட அதை ஓட்டிப் போகாமல் இழுவை வண்டியை அழைப்பதே சரி. அந்த அவசரம் இல்லாத கசிவுக்கு, முதலில் கழுவுதல், அதே வருகையில் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளத்தல், அழுத்தம் சரியாக இருந்தால் சாயம், சாயம் பிரித்துக் காட்டாத இடத்துக்குப் புகை என்ற வரிசையே குறைந்த செலவில் நிறையத் தெரியவைப்பது. அழுத்தம் சரியில்லை என்றால், அதை முதலில் சரிசெய்து சில வாரங்கள் ஓட்டிய பிறகே மற்ற சீல்களைப் பற்றிப் பேச வேண்டும்; அவற்றில் சிலவற்றின் கசிவு தானாகவே நின்றுவிடுவதும் உண்டு.

சிஓஇ முடிய ஓராண்டுக்குள் இருக்கிறது, புதுப்பிக்கும் எண்ணம் இல்லை, கசிவு மெதுவாகவும் எக்ஸாஸ்ட்டிலிருந்து விலகியும் இருக்கிறது என்றால், இடத்தை அறிந்துகொண்டு எண்ணெயைச் சரிபார்த்து ஊற்றிக்கொண்டே ஓட்டுவது தவறான முடிவு அல்ல. புதுப்பிக்க நினைப்பவர் அதற்கு முன்னரே இந்தச் சோதனைகள் முழுவதையும் செய்துவிட வேண்டும். 10 ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதையும் அவர் நினைவில் வைத்துக்கொண்டு, கேஸ்கெட் மட்டும் என்பதற்குப் பதிலாகப் பிசிவியோடு சேர்ந்த முழுக் கவரையே வாங்குவது பொருந்தும்.

எந்த வழியில் சரிசெய்தாலும், பழைய சாயத் தடத்தை முற்றிலும் துடைத்தெடுத்த பிறகே காரை ஒப்படைக்கும்படி கேளுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு முன்னர், சாயம் இன்னும் எண்ணெயில் இருக்கும்போதே, அதே விளக்கை அதே இடத்தில் ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக்கட்டணம் உண்டா என்பதையும் வேலையைக் கொடுக்கும் நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள்.